பாதுகாக்கப்பட்ட கடற்பரப்பும் மீனவர் நட்டஈடும்



கடல்வளப் பாதுகாப்புப் பற்றி வினா வந்தால் "மீன்பிடியைத் தடைசெய்தல்" என ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறீர்கள். தடைசெய்த பின் அக்கடலை நம்பியிருந்தவர் எப்படிச் சீவிப்பார்? இதையும் எழுதினால்தான் விடை முழுமை பெறும். இதற்குச் சிறந்த உதாரணம் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்பு முருகைக்கற்பார் ஆகும்.

குயின்ஸ்லாந்துக் கரையோரமாக ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்திற்கு இது பரந்துள்ளது. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான கடற்பூங்காவின் பரப்பு சுமார் 344,400 சதுர கி.மீ. ஆகும். இதில் 5 சதவீதத்திற்கும் குறைந்த பகுதியிலேயே மீன்பிடி முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. 2004 யூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய வலயத்திட்டம் அதனை ஏறத்தாழ 33 சதவீதமாக்கியது. கணக்கிட்டுப் பாருங்கள். எமது தீவின் பரப்பைப் போல் ஒன்றேமுக்கால் மடங்கு!

இங்கு பலர் தவறுவது ஒரு சொல்லில். அரசு வழங்கியதை நாம் பேச்சில் நட்டஈடு என்போம். ஆனால் சட்டப்படி அது "அமைப்புச் சீராக்க உதவி" ஆகும். காணியைச் சுவீகரித்தால் உரிமையாளருக்கு நட்டஈடு உண்டு. கடலோ மீனவரின் சொத்தன்று. அவரிடம் இருப்பது அனுமதிப்பத்திரம் மாத்திரமே. எனவே உதவி, உரிமையாக அன்றிக் கொள்கை முடிவாகவே வந்தது. ஆனால் கடனெடுத்துப் படகு வாங்கியவருக்கு இந்த வேறுபாடு ஆறுதல் தராது என்பதையும் மறவாதீர்கள்.

உதவி எவ்வாறு வழங்கப்பட்டது? தொழிலைவிட விரும்பியோரின் அனுமதிப்பத்திரங்களை அரசு விலைக்கு வாங்கியது. இது முக்கியம். மூடிய பகுதியிலிருந்து வெளியேறும் படகுகள் எஞ்சிய பகுதியில் குவிந்தால் அங்குள்ள மீன்வளமும் அழியும்; ஏற்கெனவே அங்கு தொழில் செய்பவரும் பாதிக்கப்படுவார். தொடர்ந்து தொழில் செய்வோருக்குத் தொழிலை மாற்றியமைக்கப் பணம் கிடைத்தது. வேலையிழந்த படகுத் தொழிலாளர், மீன் பதனிடுவோர் எனக் கரையிலுள்ளோரும் சேர்க்கப்பட்டனர்.

ஆரம்பத்தில் சுமார் ஒரு கோடி அவுஸ்திரேலிய டொலர் போதுமென மதிப்பிடப்பட்டது. முடிவில் செலவு 20 கோடியைத் தாண்டியது. தகுதியுடையோரின் வட்டம் விரிந்ததும், விதிகள் இடையில் தளர்ந்ததும் இதற்குக் காரணங்கள். வலயங்களை வரையும்போதே பாதிப்பைக் கணித்திருந்தால் இவ்வளவு குழப்பம் நேர்ந்திராது என்பது எனது கருத்து. நீங்கள் மறுத்தும் எழுதலாம், காரணம் காட்டினால் சரி.

பயனும் உண்டு. மூடப்பட்ட பல பார்களில் கோரல் ட்ரவுட் மீன்கள் ஓரிரு ஆண்டுகளிலேயே பெருகின.

பயிற்சி வினா: படகுச் சொந்தக்காரர், கூலிக்குச் செல்லும் படகுத் தொழிலாளர், கரையில் மீன் பதனிடுபவர் ஆகிய மூவருள் உதவியில் முன்னுரிமை யாருக்கு? இரு காரணங்கள் தருக.