மருந்துக்கடைக்குப் போகாத ஆப்பிள்: குடும்பத் தோட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

சிம்லா மாவட்டத்து கோட்கர் சரிவுகளில் அமெரிக்க ஆப்பிள் நாற்றுகள் வேர்பிடித்தது 1916 வாக்கில். கொண்டுவந்தவர் சாமுவேல் ஸ்டோக்ஸ். பின்னாளில் சத்யானந்த் ஆனவர். இன்றும் இமாச்சலத்து ஆப்பிளில் பெரும்பகுதி வீட்டாரே கவனித்துக்கொள்ளும் சின்னத் தோட்டங்களில்தான் விளைகிறது. ரசாயனத் தெளிப்பை விட நினைக்கும் தோட்டக்காரர் முதலில் கேட்பது, "அப்போ எதை அடிக்கிறது?" என்று. அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே பாதிக் காரியம் முடிந்திருக்க வேண்டும். நாற்று வாங்கும் நாளிலும் இலை உதிரும் மாதத்திலும் செய்யத் தவறியதைத் தெளிப்பானால் ஈடுகட்ட முடியாது.

படி 1: குளிரை அளந்து பாருங்கள்

ராயல் டெலிஷியஸ் போன்ற ரகங்களுக்குக் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய 1,000 மணி நேரமாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் மரம் சாகாது. ஆனால் ஒரு கிளை பூக்கும்போது பக்கத்துக் கிளை உறங்கிக்கொண்டிருக்கும், காய்ப்பு சிதறிப்போகும். பனி குறையக் குறைய இமாச்சலத்துத் தோட்டங்களே மேலே மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன.

அங்கே வெளிமாநிலத்தவர் அரசு அனுமதியில்லாமல் விவசாய நிலம் வாங்க முடியாது என்பதால், படிப்பவர்களில் பலருக்குக் கைக்கெட்டுவது கொடைக்கானலோ காந்தளூரோதான். அங்கே ராயல் வேண்டாம். குறைந்த குளிர் போதுமென்கிற அன்னா, அல்லது பிலாஸ்பூர் விவசாயி ஹரிமன் சர்மா உருவாக்கிய எச்.ஆர்.எம்.என்.-99 போன்ற ரகங்களைப் பாருங்கள். மொட்டைமாடித் தொட்டியில் சிவப்பு ஆப்பிள் குலுங்கும் படத்தைக் காட்டி நாற்று விற்பவரிடம், அந்த மரம் எந்த ஊரில் நிற்கிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

படி 2: கீழ்மரம் எது என்று கேட்டு வாங்குங்கள்

ஒட்டு நாற்று என்பது இரண்டு மரம். மேலே இருப்பது பழத்தைத் தரும். கீழே இருக்கும் வேர்ச்செடிதான் உயரம், காய்க்கத் தொடங்கும் வயது, பூச்சியைத் தாங்கும் திறன் எல்லாவற்றையும் முடிவு செய்யும். வேர்ச்செடிகளில் எம். 9 சீக்கிரம் காய்க்கும். ஆனால் வாழ்நாள் முழுக்கக் கம்பியும் பாசனமும் கேட்கும். மானாவாரிச் சரிவுக்கு எம்.எம். 111 நல்லது, வறட்சியை ஓரளவு தாங்கும். எம்.எம். 106-ம் நல்லதுதான், தண்ணீர் தேங்காத இடமாக இருந்தால்; தேங்கினால் கழுத்தழுகல் வரும். எம்.எம். வரிசையை உருவாக்கியதே வேரைத் தாக்கும் கம்பளி அசுவினியை எதிர்க்கத்தான். மருந்தடிக்க விரும்பாதவருக்கு இது பெரிய வரம்.

மேல் ரகத்திலும் இதே பார்வை வேண்டும். ஃப்ளோரினா, பிரைமா, காஷ்மீரில் உருவான ஃபிர்தௌஸ், ஷிரீன் ஆகியவை சொறிநோய் எதிர்ப்புள்ளவை. சந்தை வியாபாரி ராயலின் நிறத்தைத்தான் கேட்பார், உண்மை. இருந்தாலும் முதல் தோட்டத்தில் கால்வாசியாவது எதிர்ப்பு ரகம் இருக்கட்டும் என்பேன்.

படி 3: நடவு

மரம் உறங்கும் ஜனவரி, பிப்ரவரியில் நடவு. குழியை ஒரு மாதம் முன்பே வெட்டி ஆறவிட்டு, மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு ஒரு சாணாவது மேலே நிற்க வேண்டும். அது புதைந்தால் மேல்மரமே வேர்விட்டு, காசு கொடுத்து வாங்கிய வேர்ச்செடியின் குணம் வீணாகிவிடும். மரத்தைச் சுற்றி இமாச்சலத்தார் ‘தௌலியா’ என்று சொல்லும் வட்டப்பாத்தி கட்டி, மே மாதத்துக்குள் காய்ந்த புல்லால் மூடாக்குப் போடுங்கள். மூடாக்கு தண்டைத் தொடக்கூடாது. தொட்டால் எலி உள்ளே குடியேறி பட்டையைக் கடிக்கும்.

படி 4: உதிர்ந்த இலையைக் கூட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஆப்பிளின் பெரிய எதிரியான சொறிநோய்ப் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது மரத்தடியில் கிடக்கும் செத்த இலைகளில்தான். மார்ச்சில் மொட்டு பச்சை காட்டும்போது மழை பெய்தால், அந்த இலைகளிலிருந்து வித்துகள் காற்றில் எழும்பித் தளிரில் ஒட்டும். இதமான வெப்பநிலையில் இலை சுமார் ஒன்பது மணி நேரம் ஈரமாக இருந்தாலே தொற்று பிடித்துவிடும். முதலில் ஆலிவ் நிறத்தில் புகைபடிந்த மாதிரி ஒரு திட்டு. பிறகு காயில் கரும்புள்ளி, வெடிப்பு. 1980-களின் தொடக்கத்தில் இமாச்சலத்தைப் பெரிதாக உலுக்கிய நோய் இது.

ஆகவே நவம்பர், டிசம்பரில் இலைகளைக் கூட்டி, சாணத்தோடு அடுக்கி, நன்றாகச் சூடேறும் உரக்குவியலாக்குங்கள். கூட்ட முடியாத சரிவில் இலை மேல் சாணக் கரைசலைத் தெளியுங்கள். மண்புழு வேலையை எடுத்துக்கொள்ளும். கூடவே கவாத்து: நடுவில் வெளிச்சமும் காற்றும் புகும்படி திறந்துவிட்டால், மழைக்குப் பின் இலை சீக்கிரம் உலரும்.

இதற்கும் மிஞ்சியதற்குத்தான் போர்டோ கலவை. மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கலக்க வேண்டும். பளபளக்கும் கத்தியை முக்கி எடுத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. மொட்டு பச்சை காட்டும் வரைதான் இதை அடிக்கலாம். பிந்தினால் காயின் தோல் சொரசொரத்துவிடும். செம்பு மண்ணிலேயே தங்கிவிடும் என்பதால் கைக்கு வந்தபடி அடிக்கக்கூடாது. 2018-இல் இமாச்சல அரசு தொடங்கிய இயற்கை வேளாண் திட்டத்துக்குப் பின் ஜீவாமிர்தமும் புளித்த மோரும் பரவலாகியிருக்கின்றன. மோர் துணைக்கு இருக்கட்டும். ராயல் தோட்டத்தை அதை மட்டும் நம்பி விட எனக்குத் துணிச்சல் வராது.

படி 5: பூவும் தேனீயும்

ராயல் தன் மகரந்தத்தில் காய்க்காது. மூன்று, நான்கு மரத்துக்கு ஒன்றாக கோல்டன் டெலிஷியஸ், ரெட் கோல்டு போன்ற துணை ரகம் நடுவில் நிற்க வேண்டும். பூ விரியத் தொடங்கியதும் தேனீப்பெட்டி வாடகைக்கு எடுங்கள். குளிர்ந்த காலைகளில் இத்தாலியத் தேனீயைவிட நம் நாட்டுத் தேனீ முந்தி எழும். காய் பிடித்தபின் கொத்துக்கு ஒன்று விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராதுதான். விட்டுவைத்தாலோ அடுத்த ஆண்டு மரம் ஓய்வெடுத்துக்கொள்ளும்.

படி 6: பூச்சியைப் பார்க்கப் பழகுங்கள்

கவாத்து வெட்டில் பஞ்சு ஒட்டியது போலிருந்தால் கம்பளி அசுவினி. நசுக்கினால் செங்காவிச் சாறு வரும். உடனே எண்ணெயைத் தூக்காதீர்கள். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். சில அசுவினிகள் பஞ்சு இழந்து, கறுத்து, முதுகில் வட்ட ஓட்டையோடு கிடந்தால், அஃபெலினஸ் என்ற குட்டிக் குளவி வந்துவிட்டது; ஓட்டை அது வெளியேறிய வாசல். அங்கே தெளித்தால் குளவிதான் முதலில் போகும். செதில்பூச்சிக்கும் சிலந்திப்பேன் முட்டைக்கும் மொட்டு விரியுமுன் 2 சதவீதத் தோட்ட எண்ணெய் ஒருமுறை போதும்.

படி 7: பறிப்பும் விற்பனையும்

நிறத்தை நம்பிப் பறிக்காதீர்கள். காயைக் குறுக்கே வெட்டி அயோடின் தடவினால் மாவுச்சத்து உள்ள இடம் நீலக்கறுப்பாகும். நடுப்பகுதி வெளுத்திருந்தால் பறிக்கலாம். காம்போடு, மேல்நோக்கித் திருகி எடுங்கள்.

இயற்கைச் சான்றிதழுக்கு மூன்றாண்டு மாற்றுக்காலம் உண்டு. சிறு தோட்டக்காரருக்கு, விவசாயிகளே ஒருவர் தோட்டத்தை ஒருவர் சோதித்துச் சான்றளிக்கும் பி.ஜி.எஸ். முறை கட்டுப்படியாகும், குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர வேண்டும். மாற்றுக்காலத்தில் விளைச்சல் இறங்கும், கூடுதல் விலையும் வராது. அதனால் தோட்டம் முழுவதையும் ஒரே ஆண்டில் மாற்றாமல் ஒரு மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். மாற்றிய பகுதியின் காயைத் தனியாக எடுத்துத் தனிப்பெட்டியில் அடுக்குங்கள். புள்ளி விழுந்த காயின் சுவை மாறாது. அதைச் சாறாகவோ வினிகராகவோ வற்றலாகவோ விற்றுவிடலாம்.