கிராமபோனுக்குப் பளபளப்பா, பாட்டா?

ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூர் பக்கம் பரணிலிருந்து பழைய கிராமபோன் பெட்டி ஒன்று இறங்கினால், "பளபளன்னு ஆக்கிடு, ஹாலில் வைக்கலாம்" என்றுதான் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கல்லூரிப் பையனும் கைப்பேசி வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதைப் பாலிஷ் பட்டறைக்குத் தூக்கிப் போகிறான். பாட வேண்டிய கருவி அங்கேயே காட்சிப்பொருளாகிவிடுகிறது.

மோட்டாரில் கெட்டிப்பட்ட பழைய கிரீஸைக் கரைக்க மண்ணெண்ணெயும் பழைய பல் பிரஷும் போதும். இறுகிப்போன திருகுக்குத் துரு இளக்கும் ஸ்பிரே உதவும். பிறகு அதைத் துடைத்தெடுத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட வேண்டும். புளியும் எலுமிச்சையும் பித்தளைக் குத்துவிளக்கோடு நிற்கட்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்களை அமிலம் அரித்துவிடும்.

பஃபிங் சக்கரம் மட்டும் வேண்டவே வேண்டாம். 1931-இல் வந்த எச்.எம்.வி. 102 போன்ற பெட்டிகளில் பளபளக்கும் பாகங்கள் முழுக்க ஒரே உலோகமல்ல, மேலே மெல்லிய முலாம்தான். சக்கரம் பட்டால் முலாம் தேய்ந்து அடி உலோகம் தெரியும். ஊசி மாட்டும் சவுண்ட் பாக்ஸின் முகத்தில் பொறித்த எழுத்து மழுங்கும். பாலிஷ் பசை திருகுப் பள்ளங்களில் புகுந்து, பல்சக்கரங்களை உப்புத்தாள்போல அராவும். தேய்ந்ததை யாராலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. இந்தப் பளபளப்பு மோகத்துக்குத் தீனி போடவே, பழைய பெட்டிகளின் மோட்டாரைக் கழற்றிப் புது மரப்பெட்டியில் வைத்து, பித்தளை ஹாரன் மாட்டி, நாய் மார்க் ஒட்டி 'அசல்' என்று விற்கிறார்கள். அப்படி உருவானவை மும்பை சோர் பஜாரில் மட்டுமல்ல, வெளிநாட்டு வீடுகளிலும் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல பெட்டி பலியாகியிருக்கிறது.

உண்மையான வேலை உள்ளே இருக்கிறது. சாவி கொடுத்த ஸ்பிரிங்கை முழுக்க ஓடவிட்டுத் தளர்த்தாமல் மோட்டாரைக் கழற்றினால் பற்கள் நொறுங்கலாம். ஸ்பிரிங் டப்பாவைத் திறப்பது அதைவிட ஆபத்து, சுருள் துள்ளிக் கையைக் கிழிக்கும். பழகியவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. சவுண்ட் பாக்ஸை மண்ணெண்ணெய்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. உள்ளே அதிர்வுத் தகட்டைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் அதில் ஊறினால் கெட்டுவிடும். வளையம் இறுகியிருந்தால் புதியது மாற்றுவதே வழி.

இந்த வேலைக்கு வேண்டியது வலுவான கையல்ல. கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதனதன் இடம் குறித்து வைக்கும் பொறுமையும், எங்கே உராய்கிறது என்று கேட்கும் காதும்தான். அவை வாய்த்த பிள்ளையை, மின்மோட்டார் வேலைதான் சோறு போடும் என்று அதட்டித் தடுக்காதீர்கள். நுணுக்கம் தெரிந்த கை எந்தப் பட்டறையிலும் பிழைத்துக்கொள்ளும்.

துடைத்து முடித்ததும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் தோல் துண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். இசைத்தட்டின் ஓரத்தில் காகிதத் துணுக்கு செருகிப் பாடவிட்டுச் சுற்றுகளை எண்ணுங்கள். நிமிடத்துக்கு 78 வரவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் வேகத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மறுபடி எண்ண வேண்டும்.