மான் வேட்டையும் லீவர் ரைபிளும்: அறிந்துகொள்ள வேண்டிய சட்டங்கள்

வேட்டையாடுவது மார்க்கத்தில் ஆகுமாக்கப்பட்ட செயல். இஹ்ராம் கட்டியிருப்பவர் தரைவாழ் பிராணியை வேட்டையாடக் கூடாது. ஹரம் எல்லைக்குள் எவரும் வேட்டையாடக் கூடாது. மற்றபடி, உண்பதற்காக வேட்டையாடுவோருக்கு வழி திறந்தே இருக்கிறது. சூரத்துல் மாயிதாவில் இதன் அடிப்படைச் சட்டங்கள் கூறப்பட்டுள்ளன.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். ஆகவே இங்கிருப்போர் துப்பாக்கி தூக்குவதற்காக இந்தப் பாடம் எழுதப்படவில்லை. அமெரிக்காவில் குடியேறி வாழும் முஸ்லிம்களில், அரசாங்க உரிமச் சீட்டுப் பெற்று, இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குச் செல்வோர் உண்டு. அந்த இறைச்சி அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டிக்கு வருகிறது. மனைவி மக்கள் உண்கின்றனர். அங்கே செல்லும் நம் உறவினருக்கும் பரிமாறப்படுகிறது. எந்தத் துப்பாக்கியை வாங்குவது என்பது கடைக்காரரிடம் கேட்கும் விஷயம் என்றே பலரும் எண்ணுவர். அந்தக் கேள்வி ஹலால், ஹராமோடும் ஒரு வாயில்லாப் பிராணியின் வேதனையோடும் பிணைந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

லீவர் ரைபிள்

விசையைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் கூடு வெளியேறி, அடுத்த தோட்டா உள்ளே ஏறும். இதுவே லீவர் ரைபிள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894, 1948-இல் வெளிவந்த மார்லின் 336 ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. ஏறக்குறைய மூன்று கிலோ எடையும், பெரும்பாலும் 20 அங்குலக் குழலும் கொண்டவை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகள் அடர்த்தியானவை. அங்கே வெள்ளைவால் மான் கண்ணில் படுவது பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான். புதருக்குள் நடக்கவும் சட்டென்று தோளில் வைக்கவும் இந்தக் குட்டை ரைபிள் தோதாக இருக்கிறது.

எவ்வளவு சிறியது போதும்?

சிறு துப்பாக்கி என்றதும் .22 ரைபிளை நினைத்துவிடக் கூடாது. அது முயலுக்கும் அணிலுக்கும் உரியது. அதனால் மானைச் சுட்டால், அது காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து துடித்துச் சாகும். பெரும்பாலான மாநிலங்களில் மான் வேட்டைக்கு .22 தடுக்கப்பட்டிருப்பதும் இதனால்தான். கொலராடோ மாநில விதி குழல் விட்டம் .24 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது; நூறு கஜத்தில் குண்டின் வேகபலம் 1,000 அடி-பவுண்டு இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது.

1895-இல் வெளிவந்த .30-30 தோட்டாவே லீவர் ரைபிளின் பழைய துணை. 170 கிரெயின் குண்டு வினாடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் புறப்படுகிறது. நூறு கஜத்தில் மானுக்குப் போதிய பலம் மிஞ்சியிருக்கும். தேர்ந்த கைக்கு 150 கஜம் வரை ஏற்றது. .357 மேக்னம் கைத்துப்பாக்கிக்காக 1935-இல் வந்த தோட்டா. ரைபிள் குழலிலிருந்து சுடும்போது அதன் வேகம் கூடுகிறது, உதைப்பு குறைவு, இளையவர்களும் எளிதில் கையாளலாம். ஆயினும் நூறு கஜத்தை எட்டுமுன்பே அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். ஐம்பது, அறுபது கஜத்துக்குள் நின்று சுடும் பொறுமை உடையவருக்கே அது உரியது. .357 குண்டு .30-30 குண்டைவிடத் தடிமனானது. ஆனால் பலத்தில் குறைந்தது. ஆகவே விட்டத்தை மட்டும் பார்த்து முடிவு செய்வது சரியல்ல.

மாநிலச் சட்டங்களும் வேறுபடுகின்றன. ஒஹையோ மாநிலம் 2014-இல் மான் வேட்டைக்கு ரைபிளை அனுமதித்தபோது, நேர்ச்சுவர் கொண்ட தோட்டாக்களை மட்டுமே ஏற்றது. அதன்படி .357 ஆகும், கழுத்துச் சுருங்கிய.30-30 ஆகாது. நாட்டின் சட்டத்தை மதிப்பது நம் கடமை. வாங்குமுன் மாநில விதிப் புத்தகத்தைப் படித்துக்கொள்ள வேண்டும்.

குண்டின் முனை

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான லீவர் ரைபிள்களில் குழலுக்கு அடியிலுள்ள குழாயில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். பின்தோட்டாவின் முனை, முன்தோட்டாவின் வெடியைப் பற்றவைக்கும் கேப்பின் மீது படிந்திருக்கும். கூர்முனைக் குண்டாக இருந்தால், சுடும் அதிர்ச்சியில் அது கேப்பைக் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடித்துவிடலாம். கையும் கண்ணும் போகும். அதனால்தான் இவற்றுக்குத் தட்டைமுனைக் குண்டுகளே வழக்கம். வளையும் மெதுமுனை கொண்ட குண்டுகளும் 2000-த்துக்குப் பின் வந்துள்ளன. வின்செஸ்டர் 1895, சாவேஜ் 99, பிரவுனிங் பி.எல்.ஆர். போன்ற, குழாய் இல்லாத லீவர் ரைபிள்களில் மட்டும் கூர்முனை ஆகும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், முனையின் கூர்மை மார்க்கச் சட்டத்திலும் பேசப்படுகிறது. அதைக் கேள்விப்பட்டு, பேணுதல் என்று எண்ணி, குழாய் ரைபிளில் கூர்முனைத் தோட்டாவை எவரும் நிரப்பிவிடக் கூடாது.

சுட்ட பிராணி ஹலாலா?

அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் மிஃராழ் எனும் கனத்த தடியம்பைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். கூர்மையால் தைத்துக் கொன்றதை உண்ணலாம், பக்கவாட்டால் அடித்துக் கொன்றது அடிபட்டுச் செத்ததைப் போன்றது என்பது கிடைத்த விளக்கத்தின் கருத்து. துப்பாக்கிக் குண்டு இவ்விரண்டில் எதைச் சேரும்?

ஹனஃபி மத்ஹபின் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள், ஈயக் குண்டு கூர்மையால் அறுக்காமல் எரிவாலும் உந்துவேகத்தாலும் கொல்வதால், அறுக்காத வரை ஹலாலாகாது என்றார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்களும் பெரும்பாலும் இவ்வாறே கூறுகின்றன. மாலிக்கி மத்ஹபின் தர்தீர் (ரஹ்) அவர்களும், யமன் நாட்டு ஷவ்கானி (ரஹ்) அவர்களும், உடலைத் துளைத்துச் செல்வதால் ஆகும் என்றார்கள். இக்காலத்து அறிஞர்களில் பலர் இக்கருத்தை ஏற்றுள்ளனர். கூர்முனைக் குண்டை அம்புக்கு ஒப்பாகக் கருதும் ஹனஃபி அறிஞர்களும் உள்ளனர்.

எல்லாரும் ஒன்றுபடும் இடம் ஒன்றுண்டு. குண்டடிபட்ட மானிடம் உயிர் இருக்கும்போதே சென்று, பிஸ்மில்லாஹ் கூறி அறுத்துவிட்டால் ஹலால். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவு உயிர் இருந்தாலும் போதும். ஷாஃபிஈ மத்ஹபிலோ நிலையான உயிர் இருக்க வேண்டும். அறுத்ததும் வேகமான துடிப்பும் பீறிடும் இரத்தமும் அதன் அடையாளங்கள். உயிரோடு கையில் கிடைத்தும் அறுக்காமல் சாகவிட்டால், குண்டின் வேட்டையை ஆகும் என்போரிடத்திலும் அது உண்ணத்தக்கதல்ல. சுட்ட மான் தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால், எதனால் செத்தது என்ற சந்தேகத்தினால் அதை விட்டுவிட வேண்டும். விசையை அழுத்தும்போதே பிஸ்மில்லாஹ் கூறவேண்டும். ஹனஃபியில் இது கட்டாயம், மறதிக்கு மன்னிப்பு உண்டு, ஷாஃபிஈயில் சுன்னத்.

விசையைத் தொடுமுன்

அறுக்க அவகாசம் வேண்டுமென்று மானின் காலில் சுட்டு முடக்கலாமா என்று ஒருவர் நினைக்கலாம். கூடவே கூடாது. அறுக்கும்போதும் அழகிய முறையைக் கையாளச் சொன்ன மார்க்கம் இது; வேதனையை நீட்டுவது அதற்கு நேர் எதிரானது. குறி முன்காலுக்குச் சற்றுப் பின்னால், இருதயமும் நுரையீரலும் உள்ள, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவான இடமாகவே இருக்க வேண்டும். அங்கே பட்ட மானும் சில வினாடி ஓடிப் பிறகே விழும்.

ஆகவே மூன்று கேள்விகளைச் சுடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் தூரத்தில் இந்தத் தோட்டா உடனே கொல்லுமா? என் கை அந்தத் தட்டளவு இடத்தில் தவறாமல் குறி வைக்குமா? விழுந்த மானிடம் கத்தியோடு விரைந்து சேர முடியுமா? அறுத்தே ஆகவேண்டும் என்ற சட்டத்தைப் பின்பற்றுபவர், மூன்றாவதற்கு ‘இல்லை’ என்றால் சுடக் கூடாது. உண்ண முடியாததைக் கொல்வது வீண்கொலை. தம் மத்ஹபின் தீர்ப்பை ஆலிமிடம் கேட்டறிவது காட்டுக்குச் செல்லுமுன் ஆகவேண்டிய காரியம். மான் செத்துக் கிடக்கும்போது வசதியான தீர்ப்பைத் தேடுவது பேணுதலாகாது.

இப்போது துப்பாக்கித் தேர்வு எளிதாகிறது. முந்நூறு கஜத்துக்குச் சுடும் தொலைநோக்கி ரைபிளைவிட, நம்மை மானுக்கு அருகே வரச்செய்யும் லீவர் ரைபிள் முஸ்லிம் வேட்டைக்காரருக்குப் பொருத்தமானது. பெரும்பாலோருக்கு .30-30 போதும். உதைப்பைத் தாங்காதவர், அல்லது சட்டம் நேர்ச்சுவர்த் தோட்டாவையே அனுமதிக்கும் இடத்தில் இருப்பவர், .357-ஐ எடுத்துத் தூரத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். அதற்கும் கீழே இறங்க வேண்டாம். நன்கு தீட்டிய கத்தி இடுப்பில் இருக்கட்டும்.

சமையலறையில்

மென்முனை ஈயக் குண்டு உடலுக்குள் சிதறும்போது, கண்ணுக்குத் தெரியாத ஈயத்தூள் காயத்தைச் சுற்றி வெகுதூரம் பரவுகிறது. 2008-இல் வட டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கு வழங்கத் தானமாக வந்த மான் இறைச்சியில் ஈயத் துணுக்குகள் காணப்பட்டன. அதை அப்புறப்படுத்தும்படி சுகாதாரத் துறை கூறியது. கலிபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை செய்தது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஈயம் பெருந்தீங்கு. லீவர் ரைபிளுக்கேற்ற தட்டைமுனைச் செம்புக் குண்டுகள் கிடைக்கின்றன; அவற்றையே வாங்குவது நலம். ஈயத்தால் சுட்டதாயின், காயத்தைச் சுற்றிய சதையைத் தாராளமாக வெட்டி எறிந்துவிட வேண்டும். ஹலாலான உணவு தூயதாகவும் இருக்க வேண்டுமென்றே இறைமறை பணிக்கிறது.

வீட்டுப் பெண்மணிகளுக்கும் ஒரு வார்த்தை. வேட்டை இறைச்சி வந்தால், ‘உயிர் இருக்கும்போது அறுத்தீர்களா? எந்தக் குண்டு?’ என்று கேளுங்கள். அது சந்தேகப் பேச்சல்ல. பிள்ளைகளின் வயிற்றுக்குள் போவதைக் காக்கும் பொறுப்பு. அந்தக் கேள்வி வீட்டில் காத்திருக்கிறது என்று தெரிந்தால், காட்டில் விசையைத் தொடும் விரலும் நிதானிக்கும்.

அல்லாஹ் நம் அனைவரின் உணவையும் ஹலாலாகவும் தூயதாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.