மணமுறிவும் மகவின் நிலையும்

கணவனும் மனைவியும் இல்லறத்தினின்று முறைப்படி விலகுங்கால் அவரிடை எழும் வழக்குகள் பல. அவற்றுள் "இம்மகவு என்னுடையதன்று" எனக் கணவன் தொடுக்கும் வழக்கே மிகக் கொடியது. வழக்காடுவோர் இருவர், தீர்ப்பின் பயனை வாழ்நாள் முழுதும் சுமப்பதோ வாய்பேசவறியா மூன்றாவதோர் உயிர். இதன்கண் நம் நாட்டுச் சட்டம் மேற்கொண்ட நெறி யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் தன் 112-ஆம் பிரிவில் இதற்கு விதி வகுத்தது. அச்சட்டம் நீங்கி, 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் பாரதீய சாக்ஷிய அதினியம் நடைமுறைக்கு வந்தபோதும், அவ்விதி 116-ஆம் பிரிவாகப் பெரிதும் மாறாது நிலைபெற்றது. செல்லத்தக்க திருமணம் நிலவுங்காலத்துப் பிறந்த மகவும், அது முறிந்தபின் தாய் மறுமணம் செய்யாதிருக்க 280 நாட்களுக்குள் பிறந்த மகவும் அக்கணவனுக்கே முறைப்படி பிறந்தனவாம். அப்பிறப்பே அதற்கு முடிவான சான்று. நாள் 28 கொண்ட திங்கள் பத்தே இவ்வெண்ணாதலின், தாய் பத்துத் திங்கள் சுமந்தாள் என்னும் நம்மவர் வழக்கும் சட்டத்தின் கணக்கும் ஒன்றுபடுதல் காண்க. தைத் திங்களில் மணமுறிவு பெற்ற ஒருத்தி, மறுமணம் செய்யாது, அடுத்து வரும் புரட்டாசியில் மகவு ஈன்றாளாயின், முன்னைக் கணவனே அதற்குச் சட்டப்படி தந்தை.

மறுத்தற்கு வழியே இல்லையோவெனின், உண்டு. கருவுற்றிருக்கக்கூடிய காலத்தில் எந்நாளிலும் இருவரும் கூடுதற்கு வாய்ப்பில்லாதிருந்ததெனக் கணவன் நிறுவல் வேண்டும். அக்காலமெல்லாம் அவன் கடல்கடந்த நாட்டில் இருந்தானாயின் அது வலிய சான்றாம். ஒரே ஊரில் வேறு வேறு இல்லத்தில் வாழ்ந்தோமென்பது மட்டும் போதாது. வெறும் ஐயம் ஒருபோதும் சான்றாகாது.

இனி, 1872-இல் இல்லாத மரபணுச் சோதனை இன்று உண்டு. அதனால் விதி வலியிழந்ததோ? கேட்டவுடன் குருதிச் சோதனைக்கு ஆணையிடலாகாதென உச்ச நீதிமன்றம் 1993-இல் உரைத்தது. 2014-இல், சோதனை முன்னரே முடிந்து, கணவன் தந்தையல்லன் எனத் தெளிந்த வழக்கொன்றில், விஞ்ஞானம் காட்டிய உண்மையே சட்டத்தின் ஊகத்தினும் வலிதெனக் கொண்டு, மகவைப் பராமரிக்கும் கடமையினின்று அவனை விடுவித்தது. 2023-இலோ, மனைவியின் பிழையை நிறுவுதற்குக் குழந்தையைச் சோதனைக்கு உட்படுத்தலாகாதென மறுத்தது.

இவை முரண்போல் தோன்றினும் முரணல்ல. கையில் வந்த உண்மையைக் கண்மூடி மறுத்தல் வேறு. சான்றின்றி ஐயுற்றானொருவன் பொருட்டு மகவின் பிறப்பை அவையில் ஆராய்தல் வேறு. தன்னதல்லாத மகவைத் தாங்குமாறு பணிக்கப்பட்டவன் இரங்கத்தக்கவனே. எனினும், அவன் ஐயத்தைத் தீர்த்துக்கொண்டு தன் இல்லம் திரும்பலாம். தந்தையற்றதெனத் தீர்க்கப்பட்ட மகவு எவ்வில்லம் திரும்பும்? இவ்வினாவை முதற்கண் எழுப்பிய பின்னரே ஏனைய வினாக்களுக்கு இடந்தருதல் நீதியாம் என்பது எம் துணிபு.