மலரும் மதியும் உணர்த்தும் அநித்தியம்

பௌத்தம் அழகை வெறுக்கும் அறம் என்று கருதுவோர் உளர். யாவும் நிலையற்றவை எனப் போதிக்கும் நெறியில் மலருக்கும் மதிக்கும் இடமேது என வினவுவர். ஜப்பானிய ஓவியர் ஹிகஷியாமா கயீ (1908–1999) தீட்டிய ஓர் ஓவியத்தைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

1968-இல் தீட்டப்பெற்ற அதன் பெயர் ‘ஹனா அகாரி’. ‘மலரொளி’ என்பது பொருள். கியோட்டோ நகரில், அமிதாப புத்தரைப் போற்றும் ஜோதோ பிரிவின் தலைமைக் கோயிலான சியோன்-இன்னை அடுத்துள்ள மருயாமா பூங்காவே களம். கிளைகள் தாழ்ந்து தொங்கும் செர்ரி மரம் ஒன்று மலர்ந்து நிற்கிறது. பின்னே இருண்ட மலை, மேலே முழுமதி. மனிதர் எவரும் இலர். செர்ரி மலர்களின் முழுப்பொலிவு ஏறத்தாழ ஒரு வாரமே நிலைப்பது. முழுமதியோ மாதம் ஒருமுறை வருவது. இரண்டும் முகிலற்ற ஓர் இரவில் கூடுதல் அரிதினும் அரிது. அங்கு நின்ற பழைய மரமும் 1947-இல் பட்டுப்போயிற்று; 1949-இல் நடப்பெற்ற மரத்தையே ஓவியர் கண்டார்.

இக்காட்சியைக் காணும் கண் அவருக்கு எவ்வாறு வாய்த்தது? 1945-இல் அவர் போர்ப்படையில் சேர்க்கப்பெற்றார். சாவு அணித்தென்று எண்ணியிருந்த நாளில், குமாமோட்டோ கோட்டைக் குன்றிலிருந்து நோக்கியபோது, எளிய நிலக்காட்சி என்றுங் காணாப் பொலிவுடன் தோன்றிற்றென அவரே பின்னர் எழுதினார். நிலம் மாறவில்லை, அவர் நோக்கே மாறிற்று. நிலையாமையை உணர்ந்தமையால் அழகு குன்றவில்லை. அதுவரை மறைந்திருந்தது புலப்பட்டது.

ஜப்பானில் இவ்வுணர்வு பழமையானது. பரிநிர்வாணத்தை நாம் வைசாக முழுமதியில் நினைவுகூர்கிறோம். ஜப்பானிய மரபில் அது சந்திர ஆண்டின் இரண்டாம் திங்கள் 15-ஆம் நாளாகும். அம்முழுமதிக் காலத்தில் செர்ரி மலர்களின் அடியில் உயிர் துறக்க விழைந்து பாடினார் துறவி சாய்கியோ. 1190-இல், அத்திங்களின் 16-ஆம் நாளில் அவர் மறைந்தார்.

ஆகவே ததாகதர் விலக்கச் சொன்னது அழகையன்று, அதன்மீது கொள்ளும் பற்றையே எனத் தெளிவோம். மலர் உதிராதிருக்க வேண்டுமென விழைவது அவா. அவாவினின்று துக்கம் பிறக்கிறது. உதிரும் என்றறிந்தே கனிவுடன் நோக்குவது விழிப்பு. நம் இல்லத்து முற்றத்தில் மலரும் பூவையும், நம்முடன் வாழும் மக்களையும் இவ்வாறே நோக்கப் பயில்வோமாக.