பெயரும் பொருளும்

சேலம் நகரை அடுத்து வெண்பாறைகள் செறிந்த குன்றுகள் உள்ளன. ஆங்கிலேயர் அவற்றிற்குச் 'சுண்ணக் குன்றுகள்' என்று பொருள்படும் பெயரை இட்டனர். ஆயின், அவ்வெண்கல் சுண்ணாம்புக்கல் அன்று. மக்னீசியம் கார்பனேட்டு என்னும் வேறொரு பொருளாகும். சுண்ணாம்புக்கல்லை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் கால்சியம் குளோரைடு உண்டாகும். சேலத்து வெண்கல்லை இட்டுச் சூடேற்றினால் மக்னீசியம் குளோரைடு உண்டாகும். இப்பெயர்களைக் கேட்ட அளவிலேயே பொருள்களின் உறுப்புக்கள் புலனாகின்றன அல்லவா?

பழங்காலத்தில் இத்தகைய பெயரீட்டு முறை இல்லை. கறியுப்பு, நவாச்சாரம், பூரம், வீரம் ஆகிய நான்கும் குளோரைடுகளே. எனினும் அப்பெயர்களில் அவ்வுறவு தோன்றுவதில்லை. 1787-இல் லவாய்சியர் முதலிய பிரெஞ்சு அறிஞர் நால்வர், ஒரு பொருளின் பெயர் அதன் உறுப்புக்களை உணர்த்துதல் வேண்டும் என்று விதி வகுத்தனர். 1810-இல் ஹம்பிரி டேவி என்பார் பசுமஞ்சள் நிற வாயு ஒன்றைத் தனிமம் எனக் காட்டி, அதற்குக் 'குளோரின்' எனப் பெயரிட்டார். அதனோடு சோடியம் கூடியது சோடியம் குளோரைடு, அதுவே கறியுப்பு. நவாச்சாரம் அம்மோனியம் குளோரைடு.

பூரமும் வீரமும் பாதரசமும் குளோரினும் கூடியவை. ஆதலின், 'பாதரசக் குளோரைடு' என்று மட்டும் கூறுதல் போதாது. பூரத்தில் பாதரச அணு ஒன்றுக்குக் குளோரின் அணு ஒன்று உண்டு. வீரத்தில் இரண்டு உண்டு. பூரம் நீரில் எளிதிற் கரையாது. முற்காலத்து ஐரோப்பிய மருத்துவர் அதனைப் பேதி மருந்தாகக் கொடுத்தனர். அதுவும் தீங்குடையதென உணர்ந்து பின்னர்க் கைவிட்டனர். வீரமோ நீரிற் கரைந்து உயிரைப் போக்கும் கொடிய நஞ்சு. இவற்றை முறையே மெர்குரஸ் குளோரைடு, மெர்குரிக் குளோரைடு என்பர். பெயரின் ஈறு மாறின் மருந்தே நஞ்சாகிவிடும்! ஆகவே, இக்காலத்தார் ஐயம் நேராவண்ணம் 1, 2 என்னும் ஆக்சிஜனேற்ற எண்களைப் பெயரோடு சேர்த்து எழுதுகின்றனர்.

தமிழில் கற்பார்க்கும் இத்தகைய தெளிவு வேண்டுமன்றோ? யாழ்ப்பாணத்தில் தொண்டாற்றிய அமெரிக்க மருத்துவர் கிறீன் 1875-இலேயே 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூலைத் தமிழில் வெளியிட்டார். சேலத்தில் வழக்கறிஞராக விளங்கிய இராஜாஜி, 1916-இல் நண்பர்களோடு கூடி, அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென ஒரு சங்கம் நிறுவினார். 'தமிழில் விஞ்ஞானத்தைக் கூற இயலுமா?' என்று பலர் ஐயுற்ற காலம் அது. பிற்காலத்தில் அவரே 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலை எளிய தமிழில் எழுதி, இயலும் என்பதை மெய்ப்பித்தார்.

பொருளைப் பிழையின்றி உணர்த்தும் பெயரே நற்பெயர். அதனை ஆய்ந்து அமைத்தலும், வழுவாது வழங்குதலும் கற்றோர் கடனாகும்.