குளிர்காலப் பயிரும் நம் கரிசற் சோளமும்

கோதுமையையும் ரை என்னும் தானியத்தையும் ஒட்டிப் பிறந்த கலப்புப் பயிர் ஒன்று உண்டு. அதன் பெயர் டிரிடிக்கேல். 1875இல் ஸ்காட்லாந்தில் வில்சன் என்பவர் உண்டாக்கிய முதற்செடி மலடாய்ப் போயிற்று. 1888இல் ஜெர்மானியரான ரிம்பாவ் என்பவருக்கே விதை பிடிக்கும் கலப்பு கிடைத்தது. இன்று அது போலந்து நாட்டில் மிகுதியாக விளைகின்றது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதில் இரகங்கள் கண்டுள்ளது. தானியமும் தரும், பசுந்தீவனமும் தரும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிக் காடுகளில் இதை விதைத்தால் என்ன? முளைக்கும், ஆனால் தூர் கட்டவும் மணி பிடிக்கவும் அது நீண்ட குளிரைக் கேட்கும். நம் மார்கழிப் பனியோ வெயில் ஏறியதும் போய்விடும்.

ஆயினும் ஆளுக்குச் சோறும் மாட்டுக்குத் தீனியும் ஒரே பயிரில் தருவது நமக்குப் புதிதன்று. அதுதான் சோளம். மக்காச்சோளம் இன்று பல காடுகளைப் பிடித்துக்கொண்டாலும், கோடையில் மாடு வைத்திருப்போர் தேடுவது சோள நாத்தையே. தீவனத்துக்கென்றே நெருக்கி விதைக்கும் இருங்குச் சோளமும் உண்டு.

மானாவாரிக் கரிசலில் புரட்டாசியிலேயே, மழைக்கு முன், புழுதியில் விதைப்பது வழக்கம். சிறு தூறலுக்கு முளைத்துக் கருகாதிருக்க விதை 5 செ.மீ. ஆழத்தில் விழவேண்டும். பொட்டாசியம் டை-ஹைட்ரஜன் பாஸ்பேட் 2 சதவீதக் கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்திய விதை வறட்சியைச் சற்றுத் தாங்கும்.

ஐப்பசியில் முளைத்த பயிர் கார்த்திகையில் மழை பொய்த்து வாடி நிற்கும் நேரந்தான் ஆபத்தானது. இளஞ்சோளத்தில் தூரின் என்றொரு பொருள் இருக்கிறது. மாடு கடித்து மெல்லும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு பிரிகின்றது. இரத்தத்தில் பிராணவாயு இருந்தும் உடலின் செல்கள் அதைப் பயன்படுத்த முடியாமற் போகும். மாடு மூச்சிரைத்துத் தள்ளாடி, சில நிமிடங்களிலேயே விழுந்துவிடக்கூடும். உடனே கால்நடை மருத்துவர் வந்து சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ஊசி வழி செலுத்தினால் பிழைக்கும். கறவை மாடு ஒன்றையே நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகளுக்கு இது சிறு இழப்பா?

பயிர் வளர வளர நஞ்சு குறையும். யூரியா மிகுதியாய் இட்டால் கூடும். ஆகவே பாதிக்கு மேல் பூத்த பின்பே பசுந்தட்டையை அறுத்துப் போடவேண்டும். நன்றாய்க் காய்ந்து படப்பில் அடுக்கிய நாத்துக்குப் பெரும்பாலும் பயமில்லை. கம்பம்பயிரிலோ இந்த நஞ்சே கிடையாது.

பலர் மறப்பது இன்னொன்று. தை, மாசியில் கதிரறுத்த காட்டில் ஒரு மழை விழுந்தால் அடித்தாள் மீண்டும் துளிர்க்கும். ‘அறுத்த காடுதானே’ என்று ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்து விடுவோம். அந்தத் தளிரும் இளஞ்சோளமே. தளிர் முற்றும்வரை அந்தப் பக்கம் ஓட்டக்கூடாது. பள்ளி விட்டு வந்ததும் மாடு பற்றிச் செல்லும் தோழியர் இதை வீட்டிலும் சொல்லுங்கள்.